ஈஸ்டர் ஷோவில் நாங்கள் பார்க்காமல் வரும் பாதி

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் சிட்னியில் எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் நச்சரிப்பும் பிறந்துவிடும். தொலைக்காட்சியைத் திறந்தால் ஈஸ்டர் ஷோ, பள்ளிக்கூட வாசலில் ஈஸ்டர் ஷோ, "எல்லாரும் போயிட்டினம், நாங்கள் எப்ப போறது?" என்ற கேள்வி. பெற்றோரும் ஒரு நாள் லீவு எடுத்து, புகையிரதம் ஏறி, ராட்டினங்களுக்கு வரிசையில் நின்று, ஷோ பை நாலு வாங்கிக் கொடுத்து, காலோய்ந்து, கையில் இருந்த காசும் கரைந்து வீடு திரும்புகிறோம். நல்ல நாள்தான். ஆனால் இத்தனை செலவழித்தும் அந்த விழா எதற்காக ஏற்பட்டதோ அந்தப் பக்கத்தை எட்டிக்கூடப் பாராமல் வருபவர்கள் எங்களில் அதிகம். கமக்காரரின் பிள்ளைகளான நாங்கள் ஒரு கமத்தொழில் கண்காட்சிக்குப் போய் பிளாஸ்ரிக் வாள்களோடு திரும்புவது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கிறது. அதனால்தான் இம்முறை இந்தப் பக்கத்தை அதற்கு ஒதுக்கினேன்.

'சிட்னி றோயல் ஈஸ்டர் ஷோ' என்று இன்று அழைக்கப்படும் இவ்விழா, அவுஸ்திரேலியாவிலேயே ஆகப் பெரிய வருடாந்தக் கமத்தொழில் கண்காட்சி. உயிர்த்த ஞாயிறு எப்போது வருகிறதோ அதற்கேற்ப மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ 12 நாட்கள் நடக்கும். எமக்குச் சித்திரை என்றால் கொழுத்தும் வெயில். இங்கே அது இலையுதிர்காலம். கோடைப் பயிர்களின் விளைச்சல் வீட்டுக்கு வந்துவிட்ட நேரம். விளைந்ததைக் கொண்டுவந்து காட்டுவதற்கு ஏற்ற காலம். சில வருடங்களில் எங்கள் சித்திரைப் புத்தாண்டு நாளும் இந்தப் பன்னிரண்டு நாட்களுக்குள் அகப்பட்டுவிடும்.

இதன் கதை எங்களில் பலர் குடியிருக்கும் பரமட்டாவில்தான் தொடங்குகிறது. 1788இல் கைதிகளோடு வந்திறங்கிய ஆங்கிலேயக் குடியேற்றம் முதல் இரண்டு மூன்று வருடங்கள் பட்டினியின் விளிம்பில் நின்றது. கொண்டுவந்த மா முடிந்து, பங்கீட்டைக் குறைத்து, கப்பல் எப்போது வரும் என்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. துறைமுகத்தை அண்டிய மண் பயிருக்கு உதவவில்லை. ஆற்றோடு மேற்கே வந்தபோதுதான் பரமட்டாவில் உழக்கூடிய மண் கிடைத்தது. அந்த மண் யாருமற்றுக் கிடந்த மண் அல்ல. 'பரமட்டா' என்ற பெயரே அங்கு வாழ்ந்த தாருக் மக்களின் ஒரு குழுவான புரமட்டகல் இனத்தாரிடமிருந்து வந்தது. விலாங்கு மீன்கள் கிடக்கும் இடம் என்று பொருள் சொல்வார்கள். அவர்களைத் தள்ளிவிட்டுத்தான் ஏர் இறங்கியது. காணியை இழந்து வந்த எங்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1822ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நியூ சவுத் வேல்ஸ் கமத்தொழிற் சங்கம் அமைக்கப்பட்டது. மறுவருடம், 1823 ஒக்ரோபரில், பரமட்டாவில் முதலாவது கண்காட்சி நடந்தது. குதிரை, மாடு, செம்மறி, பன்றி என்று கொண்டுவந்து கட்டி, எது நல்லது என்று தீர்ப்புச் சொல்லிப் பரிசு கொடுத்தார்கள். யாருடைய காளை திறம், யாருடைய ஆட்டின் மயிர் மெல்லியது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டுவதே நோக்கம். நல்ல இனம் எது என்று கண்ணால் கண்டால்தான் மற்றவனும் அதை வளர்ப்பான். பத்திரிகையில் எழுதிப் புரியவைப்பதைவிட இது சுலபம்.

1830களில் வரட்சியும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து சங்கம் படுத்துவிட்டது. 1850களின் இறுதியில் மீண்டும் எழுந்தது. 1869இல் கண்காட்சி பரமட்டாவை விட்டு நகரத்துக்கு, சென்றல் புகையிரத நிலையத்துக்கு அருகில் இன்றுள்ள பிரின்ஸ் அல்பிரட் பூங்காவுக்குப் போனது. அங்கிருந்து 1882இல் மூர் பார்க் என்ற இடத்துக்கு. 1891இல் விக்ரோறியா மகாராணியின் அனுமதியோடு சங்கத்தின் பெயரில் 'றோயல்' சேர்ந்துகொண்டது. மூர் பார்க்கில் நூறு வருடங்களுக்கு மேல் நடந்ததால் பழைய சிட்னிவாசிகளுக்கு ஷோ என்றால் அந்த இடம்தான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் முற்பகுதியிலும் வந்த எங்கள் ஆட்கள் சிலரும் அங்கே போயிருப்பார்கள்.

இடையில் நின்றுபோன வருடங்களும் உண்டு. 1919இல் உலகை உலுக்கிய விஷக்காய்ச்சல் காரணமாக நடக்கவில்லை. 1942 முதல் 1946 வரை மைதானம் இராணுவத்திடம் இருந்தது. போர் முடிந்து 1947இல் மீண்டும் கதவு திறந்தபோது பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். அன்று சிட்னியின் முழுச் சனத்தொகையே பதினைந்து இலட்சத்தை ஒட்டித்தான் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அதன்பின் 2020இல் கொவிட் வந்து நிறுத்தியது. 2021இல் கட்டுப்பாடுகளோடு நடத்தினார்கள். 2023இல் முதற் கண்காட்சியின் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடினார்கள்.

1998இல் ஷோ இப்போதைய இடத்துக்கு, ஹோம்புஷ் ஒலிம்பிக் பூங்காவுக்கு மாறியது. 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்காகக் கட்டிய இடங்களில் முதலில் மக்கள் வெள்ளத்தைக் கண்டது ஷோதான். ஒலிம்பிக் பூங்காப் புகையிரத நிலையமும் அந்த வருட ஷோவுக்கென்றே திறக்கப்பட்டது. பழைய மைதானம் சினிமாப் படப்பிடிப்பு நிலையமாகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை: ஹோம்புஷில் இந்த நிலம் முன்பு அரசாங்கத்தின் மாடறுக்கும் தொட்டியாக இருந்தது. 1988இல்தான் அதை மூடினார்கள். எங்கே ஒரு காலத்தில் மந்தை மந்தையாக மாடுகள் கடைசி வழி நடந்தனவோ, அங்கே இன்று தலை வாரி, வாலைக் கழுவி, கழுத்தில் நாடா கட்டி மாடுகளை ஊர்வலம் விடுகிறார்கள்.

சரி, உள்ளே போனால் எதைப் பார்ப்பது? என்னைக் கேட்டால் முதலில் 'மாவட்டக் காட்சி' மண்டபத்துக்குப் போங்கள். ராட்டினம் எங்கேயும் ஓடிவிடாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நான்கு பகுதிகளும் தென்கிழக்குக் குயின்ஸ்லாந்தும் ஆக ஐந்து அணிகள், தத்தம் மண்ணில் விளைந்தவற்றை ஆளுயரத்துக்கு மேலே கோபுரம் போல அடுக்கி வைத்திருப்பார்கள். பூசணி, வெங்காயம், உருளைக்கிழங்கு, சோளம், அப்பிள், தேன், கம்பளி, பருத்தி, கோதுமைக் கதிர், தானியங்கள். வெறுமனே அடுக்குவதில்லை; செந்நிறத் தானியம், வெள்ளைத் தானியம், கறுப்பு விதை என்று நிறம் பிரித்து ஒட்டி, மலையும் ஆறும் வீடும் விலங்கும் தெரியும் பெரிய சித்திரமாக்கிவிடுவார்கள். கோவில் திருவிழாவில் பழமும் காய்கறியும் கட்டித் தொங்கவிட்ட பந்தலைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகவே இராது.

இதைச் செய்பவர்கள் கூலிக்கு வந்த அலங்காரக்காரர் அல்லர். ஊரிலே தோட்டம் செய்பவர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இல்லத்தரசிகளும் சேர்ந்து, மாதக்கணக்கில் நல்ல விளைச்சலைத் தேடிச் சேகரித்து, சிட்னிக்கு வந்து தங்கி நின்று செய்கிறார்கள். பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. ஐந்தில் எது திறம் என்பதில் அவர்களுக்குள் நடக்கும் போட்டி சாமானியமானதல்ல. காட்சியின் அழகுக்கு ஒரு புள்ளி, பொருளின் தரத்துக்கு ஒரு புள்ளி என்று நடுவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் போடுவார்கள். மழை பொய்த்த வருடங்களிலும் இவர்கள் வரத் தவறுவதில்லை. 2019இல் மாநிலத்தின் பெரும்பகுதி கடும் வரட்சியில் கிடந்தது. அந்த வருடமும் காட்சி இருந்தது. விளையாத மண்ணிலிருந்து விளைந்ததைத் தேடிப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஒருமுறை கிளிநொச்சிப் பக்கத்து முதியவர் ஒருவரோடு அந்த மண்டபத்துக்குப் போயிருந்தேன். மகன் வீட்டில் இருந்து சலித்துப்போயிருந்த மனுஷன். வாசலில் "என்னத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு வந்தனி?" என்று முணுமுணுத்தவர், உள்ளே போனதும் ஒரு மணித்தியாலம் அசையவில்லை. அங்கே நின்ற வெள்ளைக்காரக் கமக்காரர் ஒருவரிடம் அரைகுறை ஆங்கிலத்தில் வெங்காயத்தைக் காட்டி ஏதோ கேட்டார். அவரும் விரலால் அளந்து காட்டி மறுமொழி சொன்னார். எத்தனை நாளுக்கு ஒருக்கால் தண்ணி, எப்ப நிறுத்தினால் வெங்காயம் அழுகாது என்பதே பேச்சு. மொழிபெயர்க்க நான் கிட்டப் போனேன், இருவருமே என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பேத்தி, அப்போது ஒன்பது வயது, "அப்பப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டாள். அவருக்குத் தெரியும் என்பது அதுவரை அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்தது மாட்டுக் கொட்டில்கள். இங்கே பாற்பசு வேறு, இறைச்சி மாடு வேறு என்று இனம் இனமாகக் கட்டியிருப்பார்கள். ஹியர்போர்ட், அங்கஸ் என்ற ஐரோப்பிய இனங்களைப் பார்த்துக்கொண்டு போகும்போது, திமிலும் தொங்கும் தாடையும் நீண்ட காதுமாக ஒரு மாடு நின்றால் நில்லுங்கள். 'பிராமன்' என்பது இனத்தின் பெயர். பெயரே சொல்லிவிடும், பூர்வீகம் இந்தியா. குஜராத் பக்கத்து மாடுகளோடு, அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாட்டின் இரத்தமும் கலந்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம் இது. 1933இல் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். வடபகுதியின் வெக்கையும் உண்ணியும் ஐரோப்பிய மாடுகளைத் தின்றுகொண்டிருந்த காலம். தொடக்கத்தில் இந்தத் திமில் மாட்டை ஏளனம் செய்தவர்கள் பலர். இன்று வட அவுஸ்திரேலியாவின் மாட்டுப் பண்ணைகள் பெரும்பாலும் இதன் இரத்தத்தில்தான் நிற்கின்றன. வெக்கை தாங்கும் தோலோடு வேறு நாட்டுக்கு வந்து, ஏச்சு வாங்கி, பிறகு தவிர்க்க முடியாததாகிவிட்ட ஒரு மாடு! ஊரில் சவாரி பார்த்தவர்கள் அதன் திமிலைக் கண்டால் ஒரு கணம் நிற்பார்கள்.

மாடுகளைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. நாடு முழுவதிலுமிருந்து பள்ளிக்கூட மாணவர்கள் தாங்களே தீனி போட்டு வளர்த்த காயடித்த நாம்பன்களைக் கொண்டுவருவார்கள். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்த பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி ஐந்நூறு கிலோ மிருகத்தைக் கயிற்றில் நடத்திக்கொண்டு போவதைக் காண அழகாயிருக்கும். முதலில் உயிரோடு தீர்ப்பு. பிறகு அவற்றை அறுத்து, இறைச்சியின் தரத்துக்குத் தீர்ப்பு. பிள்ளைகள் கொட்டிலில் தங்கள் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவதையும் காணலாம். எங்கள் வீடுகளில் மாட்டிறைச்சி தொடாதவர்கள் பலர். அவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வது? நான் யாருக்கும் உபதேசம் செய்ய வரவில்லை. ஆனால் கடையில் பொலித்தீன் சுற்றிய துண்டாக மட்டும் இறைச்சியைக் காணும் பிள்ளைக்கும், பெயர் வைத்து வளர்த்ததை அனுப்பிவிட்டு அழும் பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு. உங்கள் பிள்ளை கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஐந்து வயதுக் குழந்தையென்றால் அந்தப் பக்கத்தைத் தவிர்த்து, ஆட்டுக்குட்டிக்குத் தீனி கொடுக்கும் இடத்துக்குக் கூட்டிப் போகலாம். அங்கேயும் கைகழுவ மறக்கவேண்டாம்.

மாணவர்கள் என்றதும் இன்னொன்று. எங்கள் சமூகத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையுள்ள வீட்டில் 'ஜேம்ஸ் ரூஸ்' என்ற பெயரைச் சொன்னால் போதும், எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். சனி ஞாயிறு ரியூசன், மாதிரிப் பரீட்சை, கண்ணீர் எல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்துக்காகத்தான். அதன் முழுப் பெயர் ஜேம்ஸ் ரூஸ் கமத்தொழில் உயர்தரப் பாடசாலை என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. அங்கே சேரும் பிள்ளை, நாளைக்கு டொக்டராக வரப்போகும் பிள்ளைதான், கமத்தொழிலையும் படித்தே ஆகவேண்டும். மண்வெட்டி பிடிக்கவும் வேண்டும். ஜேம்ஸ் ரூஸ் யார்? பேராசிரியரா? இல்லை. இங்கிலாந்தில் களவுக் குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டு 1788இல் வந்த ஒரு கைதி. ஆளுநர் பிலிப் பரமட்டாவில் கொஞ்ச நிலத்தைக் கொடுத்து, ஒரு மனிதன் இந்த மண்ணில் தன் வயிற்றைத் தானே நிரப்ப முடியுமா என்று பரீட்சை வைத்தார். 1791இல், இனி அரசாங்கத்தின் பங்கீடு தனக்கு வேண்டாம் என்று ரூஸ் சொல்லிவிட்டான். முப்பது ஏக்கர் காணி அவனுக்குச் சொந்தமாயிற்று. அது இன்றும் 'பரீட்சைப் பண்ணை' என்ற பெயரில் பரமட்டாவில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் தினமும் காரில் கடந்து போகிறார்கள். ரியூசனுக்குக் கூட்டிப்போகும் வழியில் இந்தக் கதையைச் சொல்லலாமே.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடரியால் மரம் வெட்டும் போட்டியைத் தவறவிடாதீர்கள். பலசாலிகளின் விளையாட்டு என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். திறமைசாலி பிந்தித்தான் தொடங்க வேண்டும். நடுவர் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போக, சாதாரண வெட்டுக்காரர் மூன்றில் தொடங்குவார், வீரர் இருபதுக்கு மேல் காத்து நிற்பார். கடைசிச் சில விநாடிகளில் எல்லோரும் ஒன்றாக முடிப்பார்கள். இந்த விளையாட்டு பிறந்த தஸ்மேனியாவைச் சேர்ந்த டேவிட் ஃபொஸ்ரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டங்கள் வென்றவர். பெரிய மைதானத்தில் பரிசு பெற்ற விலங்குகள் வட்டம் வட்டமாக நடந்துவரும் பேரணியும் உண்டு. நூறு வருடங்களைக் கடந்த வழக்கம் அது.

களைத்தால் நாட்டுப்புற மாதர் சங்கத்தின் தேநீர்ச்சாலைக்குப் போங்கள். 1922இல் தொடங்கிய சங்கம். தொண்டர்களான பெண்கள் அங்கேயே சுட்டு, ஜாமும் கிறீமும் வைத்துத் தரும் ஸ்கோனுக்கு நீண்ட வரிசை நிற்கும். வரும் பணம் சங்கத்தின் வேலைகளுக்குப் போகிறது. குச்சியில் குத்திப் பொரித்த 'டாக்வுட் டோக்' என்பதைப் பிள்ளைகள் கேட்டால், உள்ளே என்ன இறைச்சி என்று விசாரித்து வாங்குங்கள். வீட்டிலிருந்து புளிச்சாதம் கட்டிக்கொண்டு போனாலும் யாரும் தடுக்கமாட்டார்கள்.

ஷோ பை பற்றிச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் என்னை மன்னிக்கமாட்டார்கள். ஆதியில் அது மாதிரிப் பை. வியாபாரிகள் தங்கள் பொருட்களில் கொஞ்சம் போட்டு, ருசி பார்க்கச் சும்மா கொடுத்தார்கள். பிறகு காசு வாங்கினார்கள். இப்போது ஒவ்வொன்றும் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். 1963இல் வந்த 'பேர்ட்டி பீற்றில்' என்ற வண்டு வடிவச் சொக்கலேற் மட்டும் இன்றுவரை மலிவுப் பையாக இருக்கிறது. வேறொரு மிட்டாயைச் செய்யும்போது உடைந்து மிஞ்சிய துண்டுகளை வீணாக்காமல் பயன்படுத்தத் தொடங்கியதில் பிறந்த பண்டம் அது. உடைந்ததையும் காசாக்கத் தெரிந்த புத்தி எங்கள் ஆச்சிமாருக்கு உடனே பிடிக்கும்.

கடைசியாக, இதை வாசிக்கும் அம்மாமாருக்கும் ஆச்சிமாருக்கும் ஒரு வேண்டுகோள். கைப்பணி, சமையல் மண்டபங்களில் கண்ணாடிக்குள் நீல நாடாவோடு இருக்கும் கேக், பின்னல், ஜாம், ஊறுகாய், சட்னி எல்லாம் பெரும்பாலும் சாதாரண வீட்டுக்காரர் செய்தவை. யாரும் விண்ணப்பிக்கலாம். எங்கள் மாங்காய்ச் சட்னியும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் அந்தக் கண்ணாடிக்குள் இருக்கத் தகுதியற்றவையா? அங்கே நின்று "உப்புக் காணாது, இதைவிட நான் நல்லாய்ச் செய்வன்" என்று சொன்ன எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். போட்டி விபரக் கையேடு முதலே வந்துவிடும். ஈஸ்டருக்குப் பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதால் பங்குனியில் யோசித்துப் பலனில்லை. கையேட்டை ஒருமுறை பொறுமையாக வாசியுங்கள், ஆங்கிலம் சிரமமென்றால் பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பொதுவாக இத்தகைய போட்டிகளில் கடை முத்திரை இல்லாத, சுத்தமான கண்ணாடிப் போத்தலைத்தான் எதிர்பார்ப்பார்கள். விளிம்புவரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூட வேண்டும். ருசி எப்படியிருந்தாலும் போத்தல் விளிம்பில் எண்ணெய் வழிந்திருந்தால் புள்ளி போய்விடும். மாங்காய் வாங்குவதானால் மார்கழி, தையிலேயே வாங்கிவிடுங்கள்.